இரண்டு நிமிடம் பதினேழாவது நொடி

கதவைத் தட்டியவள் கையில் போன்.
போனுக்குள் எங்கள் மொட்டைமாடி.

"இது இந்த வீடுதானே?"
ஆங்கிலம் அவளுக்கும் இரவல், எனக்கும் இரவல்.
அதனால்தான் சட்டென்று புரிந்தது.
போலந்துக்காரி. பேர் அக்னியேஷ்கா.
அக்னியா என்றேன்.
இல்லை, ஆட்டுக்குட்டி என்றாள்.

ஆறு வருஷம் முன்பு
ஒரு பாட்டுக் குழு குருசுக்குப்பத்துக்கு வந்தது.
நாலு பேர், மூன்று கேமரா, குடை போல ஒரு விளக்கு.
மாடிக்கு ஒரு நாள் வாடகை மூவாயிரம்.
டிபன் நம் செலவு என்று அப்பா வாய்விட்டதில்
நாற்பத்தெட்டு இட்லி போனது.
அது என்ன மொழிப் பாட்டு என்றுகூட
நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

அவள் கேட்டிருக்கிறாள், ஒரு பனிக்காலம் முழுக்க.
வேலை போய்,
பல் துலக்கக்கூட எழுந்திருக்காத பனிக்காலம்.
இந்த வெயிலைப் பார்த்துப் பார்த்துத்தான்
எழுந்தேன் என்றாள்.
எங்கள் வெயிலையா?
கரண்ட் போனால் நாங்கள் திட்டித் தீர்க்கும் இதையா?

போனை நீட்டிக் கண்ணைச் சுருக்கி
முன்னே ஓர் அடி, பின்னே அரை அடி,
சுவரின் விரிசலோடு விரிசலைப் பொருத்திப் பார்த்தாள்.
பொருந்தவில்லை.
தண்ணீர்த் தொட்டி அப்போது கறுப்பு, இப்போது வெள்ளை.
கடல் இருந்த இடத்தில்
ஏழுமலை கட்டிய லாட்ஜ்,
அதன் மூன்றாவது மாடியில் யாருடையதோ ஜட்டி.
கடலை நானே விற்றுவிட்டது போல
தலை குனிந்து நின்றேன்.

"அவன் எங்கே நின்று பாடினான்?"
தெரியாது. அன்றைக்கு பேட்டரிக் கடையில்
எனக்கு ஸ்டாக் எடுப்பு.
சும்மா குழாய்ப் பக்கம் கையைக் காட்டினேன்.
காட்டிய இடத்தில் வெறுங்காலை வைத்தாள்,
சூடு தாங்காமல் எடுத்தாள், மறுபடி வைத்தாள்.
சுட்டது எனக்கு.

பிறகு கேட்டாள்:
"இந்தக் கை யாருடையது?"

இரண்டு நிமிடம் பதினேழாவது நொடி.
பாடுகிறவன் தோளுக்குப் பின்னால் கொடி,
கொடியில் நீலப் போர்வை,
போர்வை மேல் ஒரு கை வருகிறது,
கிளிப் மாட்டுகிறது,
ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறது, மறைகிறது.
இதற்காக ரசிகர்கள் நாடு நாடாகச் சண்டையாம்.
நடிகை என்கிறது ஒரு கட்சி.
ஆவி என்கிறது இன்னொன்று.

பெர்னதெத் என்றேன். என் அக்கா.
கிளிப்போ, கேஸோ, பீரோவோ
இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டாள்.
அந்த மாசமே ஒரு சொல்தா வீட்டு வரன் வந்தது,
பிரான்சு பாஸ்போர்ட்டோடு.
மாப்பிள்ளையை மட்டும்
அவள் இழுத்துப் பார்க்கவில்லை.

இப்போது அவள் போனில்தான்,
ஞாயிறு ராத்திரி ஒன்பதுக்கு.
முகத்தைவிட
முகத்துக்குப் பின்னால் இருக்கும் ஜன்னல்தான் எனக்கு மனப்பாடம்:
எரிந்து அணைந்து எரியும்
மருந்துக் கடையின் பச்சைக் கூட்டல் குறி,
இலையில்லாத மரம்,
கிளையில் இரண்டு வருஷமாகச் சிக்கியிருக்கும் பிளாஸ்டிக் பை.
"நல்லாத்தான் இருக்கேன்டா" என்பாள்.
அந்தத் "தான்" முடிவதற்குள்
கூட்டல் குறி மூன்று தடவை அணையும்.

ஒரு நாள் நானும் போவேன்.
போனை நீட்டிக் கண்ணைச் சுருக்கி
அந்தத் தெருவில் முன்னே ஓர் அடி, பின்னே அரை அடி.
மருந்துக் கடைக்காரர் வெளியே வந்து
என்ன வேண்டும் என்பார்.
அந்த மரத்தைக் காட்டுவேன்.

இதையெல்லாம் சொல்ல
இரவல் ஆங்கிலம் போதவில்லை.
அக்னியேஷ்கா கழுத்துத் துணியை அவிழ்த்துக்
கொடியில் போட்டாள். கிளிப் கேட்டாள்.
போனை என்னிடம் தந்தாள்.
கை மட்டும் தெரிந்தால் போதும் என்றாள்.

மாட்டினாள்.
ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.
எடுத்துக்கொண்டே இருந்தேன்.
லாட்ஜும் விழுந்துவிட்டது, அந்த ஜட்டியோடு.